நந்தி ஹால்ட் – ஒரு நிமிடம் நிற்கும் ரயிலின் சரித்திரம்

ரயில் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பெரிய பெரிய ஜங்ஷன்கள்தான். விழுப்புரம், ஜோலார்பேட்டை, அரக்கோணம், குண்டக்கல் என்று சொல்லிக்கொண்டே போவோம். ஆனால் நம் பெரியவர்கள் குலதெய்வத்துக்கு மாவிளக்கு போடப் போனதும், சம்பந்திகள் வந்து இறங்கியதும், கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்து சேர்ந்ததும் ஜங்ஷன்களில் இல்லை. மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர், ஒரு சிமெண்டு பெஞ்சு, ஒரு வேப்பமரம், ஓட்டுக்கூரையோடு ஒரு சின்ன அறை. இவ்வளவுதான் அந்த ஸ்டேஷன். பாசஞ்சர் வண்டி ஒரு நிமிடம் நிற்கும், ஊதிவிட்டுப் போய்விடும். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, போர்ட்டர் கிடையாது, சிக்னலும் கிடையாது. இதற்கு ரயில்வேயில் வைத்த பெயர் 'ஹால்ட்'.

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலையின் அடிவாரத்தில், பெயரிலேயே 'ஹால்ட்' என்று வைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய நந்தி ஹால்ட்டின் கதை, நாட்டில் உள்ள பல ஆளில்லா ஸ்டேஷன்களின் கதையும்தான்.

ஹால்ட் என்றால் என்ன?

ரயில்வே விதிப்புத்தகம் ஸ்டேஷன்களை ஏ, பி, சி, டி என்று வகை பிரிக்கிறது. முதல் மூன்று வகைகளில் அடுத்த ஸ்டேஷனோடு பேசி, பாதை காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, வண்டியை அனுப்பிவைக்க ஆள் உண்டு. டி வகையில் அந்தப் பொறுப்பே கிடையாது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி நிற்கிறது, ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள், அவ்வளவுதான். டிரைவரின் கால அட்டவணையில் ஹால்ட் குறித்திருக்கும். அவர் நிறுத்துவார், கார்டு பார்த்துக் கொடி காட்டுவார், வண்டி கிளம்பும்.

அப்படியானால் டிக்கெட் கொடுப்பது யார்? பல ஹால்ட்களில் அது உள்ளூர்க்காரர் ஒருவரின் வேலை. 'ஹால்ட் ஏஜெண்ட்' என்று பெயர். அவர் ரயில்வே ஊழியர் அல்ல. பக்கத்துப் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்ப் பணம் கட்டி டிக்கெட்டுகளை வாங்கி வந்து, விற்ற தொகைக்கு ஏற்பக் கமிஷன் பெறுபவர். மாதச் சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை, பாஸ் இல்லை. நூறு டிக்கெட் விற்றால் அதற்கான கமிஷன், பத்து விற்றால் பத்துக்கு உண்டானது. காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் வந்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற நேரத்தில் தம் வயலையோ கடையையோ பார்த்துக்கொள்வார். ஆளில்லாத ஸ்டேஷன் என்று நாம் சொல்கிறோமே தவிர, உண்மையில் இந்த ஒருவரை நம்பித்தான் அது நடக்கிறது.

அவர் விற்ற கெட்டியான அட்டை டிக்கெட்டுகளை நம்மில் பலர் சிறுவயதில் சேர்த்து வைத்திருப்போம். 57 மில்லிமீட்டர் நீளம், 31 மில்லிமீட்டர் அகலம், வரிசை எண், தேதி குத்தும் இயந்திரத்தின் 'டக்' என்ற சத்தம். இந்த அட்டை டிக்கெட்டைக் கண்டுபிடித்தவரும் ஒரு சின்ன ஸ்டேஷன்காரரே. தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய், வட இங்கிலாந்தில் மில்டன் என்ற சிறு ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை ஒவ்வொரு பயணிக்கும் கையால் எழுதித்தான் சீட்டுக் கொடுத்தார்கள். 1830களின் பிற்பகுதியில், எண் போட்ட அட்டையை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டால் வேலையும் குறையும், கணக்கும் தப்பாது என்று அவர் கண்டுகொண்டார். உலகம் முழுவதும் பரவிய வழக்கம் அப்படிப் பிறந்தது.

'ஹால்ட்' என்ற சொல்லும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். 1903இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி, ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப் பக்கம் எஞ்சினும் பெட்டியும் ஒன்றாக இணைந்த சிறு வண்டிகளை விட்டது. சாலைப் போக்குவரத்தின் போட்டியைச் சமாளிக்க, செலவில்லாமல் அடிக்கடி நிறுத்தவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு மேடை, ஒரு விளக்கு, ஆள் வேண்டாம். அந்த யோசனை நம் நாட்டுக்கு நன்றாகவே பொருந்தியது.

பெங்களூருக்கு ரயில் வந்த விதம்

மதராஸ் ரயில்வேயின் அகலப் பாதை ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 1864இல் வந்து சேர்ந்தது. விவேக் நகர், ஆஸ்டின் டவுன், அல்சூர் பகுதிகளில் வாழும் நம் அன்பர்கள் ஊருக்குப் போக இன்றும் நாடுவது அந்தக் கண்டோன்மெண்டு ஸ்டேஷனைத்தான். 1880களின் தொடக்கத்தில் மைசூருக்கு மீட்டர் கேஜ் பாதை முடிந்தது. பெரிய ஊர்களை இணைத்தாகிவிட்டது. ஆனால் நடுவே இருந்த தாலுகா ஊர்களுக்கு மாட்டு வண்டிதான் கதி. அங்கெல்லாம் பெரிய கம்பெனிகள் பாதை போடத் தயாராக இல்லை. லாபம் வராது என்பது அவர்கள் எண்ணம்.

அப்போது மக்களே முன்வந்தார்கள். இதற்கு வழிகாட்டியது நம் தஞ்சாவூர் ஜில்லா என்பதைப் பெருமையோடு சொல்லவேண்டும். நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை ரயில் போட்டது. 1894இல் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு சொந்தமாகப் போட்ட முதல் ரயில் பாதை அதுவே. வண்டியை ஓட்டிய பொறுப்பு சவுத் இந்தியன் ரயில்வேயினுடையது, பாதைக்கு முதல் போட்டது டெல்டா விவசாயி. பின்னர் அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது.

மைசூர் சமஸ்தானத்திலும் அதே எண்ணம் வேரூன்றியது. 1913இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) கோலாருக்குக் 'கோலார் மாவட்ட ரயில்வே' என்ற பெயரில் குறுகிய பாதை வந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடி அகலம், அதாவது 762 மில்லிமீட்டர். மேற்குப் பக்கத்தில், மைசூர் அரசின் ஆதரவோடு தனியார் முதல் போட்ட 'பெங்களூர் சிக்கபள்ளாபூர் லைட் ரயில்வே' கம்பெனி உருவாயிற்று. யஷ்வந்த்பூர், எலகங்கா, தேவனஹள்ளி வழியாகச் சிக்கபள்ளாபூர் செல்லும் அதன் பாதை 1915இல் தொடங்கி 1918க்குள் நிறைவேறியது. அதுவும் அதே இரண்டரை அடிப் பாதைதான். அப்போது மைசூர் திவானாக இருந்தவர் சர் எம். விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த முத்தேனஹள்ளி சிக்கபள்ளாபூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு சரித்திரம்

இந்தப் பாதையின் சின்ன ஸ்டேஷன்களை வரிசையாகப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தேவனஹள்ளி, திப்பு சுல்தான் பிறந்த ஊர். அங்கு விளையும் பம்ப்ளிமாஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அடுத்து ஆவதிஹள்ளி. பெங்களூரை நிர்மாணித்த கெம்பே கௌடாவின் முன்னோர்கள் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து ஆவதியில் குடியேறினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று நாம் வசிக்கும் நகரத்தின் தொடக்கத்தில் ஒரு காஞ்சி சம்பந்தம் இருப்பதை எண்ணிப்பாருங்கள்.

அதற்கப்புறம் நந்தி ஹால்ட். இங்கிருந்து நந்தி கிராமம் நடக்கும் தூரம்தான். அங்கே இருப்பது போக நந்தீஸ்வரர் கோயில். 9ஆம் நூற்றாண்டு அளவில் தொடங்கி நுளம்பர், பாணர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகர மன்னர்கள் என்று ஒவ்வொரு காலத்தவரும் திருப்பணி செய்த க்ஷேத்திரம். அருணாசலேஸ்வரர், உமா மகேஸ்வரர், போக நந்தீஸ்வரர் என்று மூன்று சந்நிதிகள். கல்யாண கோலத்து மண்டபத்தின் கருங்கல் வேலைப்பாட்டையும் படிக்கட்டுகள் சூழ்ந்த பெரிய புஷ்கரணியையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மலைமேல் இருப்பவர் யோக நந்தீஸ்வரர். கீழே போகம், மேலே யோகம் என்று பெரியவர்கள் அமைத்த தத்துவம் நுட்பமானது.

இந்த நந்தி மலையையும் அதைச் சுற்றிய குன்றுகளையும் ஒட்டித்தான் தென்பெண்ணையும் பாலாறும் தம் பயணத்தைத் தொடங்குகின்றன. ஒன்று திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது, மற்றொன்று காஞ்சி மண்டலத்தை நனைக்கிறது. ஆக, நந்தி ஹால்ட்டில் இறங்குபவர் தமிழ்நாட்டு நதிகளின் தாய்வீட்டு வாசலில் இறங்குகிறார்.

ஸ்டேஷன் கட்டிடமோ மிக எளிமையானது. கல் சுவர், சரிந்த ஓட்டுக்கூரை, ஒரு டிக்கெட் ஜன்னல், காத்திருப்பவர்களுக்கு நிழல். ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் நூறு வருஷ மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கிறது. அந்தச் சின்ன வண்டிகளில் ஏறிப் போனவர்கள் விவசாயிகளும், வியாபாரிகளும், கோர்ட் கச்சேரி வேலையாகப் போகிறவர்களும், நந்திக்கு யாத்திரை வந்தவர்களும்தான். பாதை சிட்லகட்டா, சிந்தாமணி, ஸ்ரீனிவாசபுரம் வழியாகக் கோலாரோடு இணைந்ததால், பட்டுக்கூடு விளையும் பூமி முழுவதற்கும் அது போக்குவரத்து வழியாயிற்று.

பெங்களூரில் பிறந்த மால்குடி

சின்ன ஸ்டேஷன் என்று சொல்லும்போது ஆர்.கே. நாராயணனைச் சொல்லாமல் விடமுடியாது. 1930இல் பெங்களூரில், தம் பாட்டி பார்த்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர் முதல் நாவலை எழுத உட்கார்ந்தார். அப்போது அவர் மனக்கண்ணில் முதலில் தோன்றியது ஒரு சிறிய ரயில் ஸ்டேஷன். அதன் பெயர் மால்குடி. ஊர் பிறகுதான் வந்தது! பின்னாளில் 'கைட்' நாவலின் ராஜுவும் அந்த ஸ்டேஷனில் கடை வைத்துத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறான். 1980களில் சங்கர் நாக் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, மால்குடி ஸ்டேஷனாக நடித்தது சிவமொக்கா மாவட்டத்து அரசாளு ஸ்டேஷன். அந்தப் பழைய கட்டிடத்தைப் புதுப்பித்து 2020இல் மால்குடி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

பூட்டிய ஜன்னல்கள்

சமஸ்தான ரயில்வே 1951இல் தெற்கு ரயில்வேயோடு இணைந்தது. குறுகிய பாதை வண்டிகள் மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தன. இதற்குள் சாலைகள் வந்துவிட்டன. பஸ் வீட்டு வாசலுக்கே வந்தது. 1992இல் நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் ஆரம்பமானது. அதன்கீழ் எலகங்கா – சிக்கபள்ளாபூர்ப் பகுதி அகலப் பாதையாயிற்று. சிக்கபள்ளாபூர் – கோலார்ப் பகுதி முடிய 2013 ஆயிற்று. கோலாருக்கும் பங்காரப்பேட்டைக்கும் நடுவே சில ஆண்டுகள் தண்டவாளத்தின்மேல் ஒரு 'ரயில் பஸ்' ஓடியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பாதை அகலமாயிற்று, ஆனால் ஸ்டேஷன்கள் இளைத்தன. இப்படிப்பட்ட மாற்றத்தில் ஒரு வேதனை உண்டு. வேலை நடக்கும் வருஷங்களில் வண்டி முழுவதுமாக நின்றுபோகிறது. அதற்குள் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிடுகிறார்கள். திரும்ப வண்டி வரும்போது நாளைக்கு ஒன்றோ இரண்டோதான். டிக்கெட் விற்பனை குறைகிறது. கமிஷன் கட்டுப்படியாகாமல் ஏஜெண்ட் விலகிக்கொள்கிறார். டிக்கெட் கிடைக்காததால் பயணிகள் இன்னும் குறைகிறார்கள். வருமானம் இல்லை என்று நிறுத்தத்தையே எடுத்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் வீழ்ச்சி ஆரம்பித்தது என்று சொல்லமுடியாத ஒரு வட்டம் இது. சிக்கபள்ளாபூர்ப் பாதையின் பழைய கட்டிடங்கள் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, கதவு ஜன்னல் சிதைந்து போனது இப்படித்தான்.

நம் டெல்டாவிலும் இதே கதைதான். மாயவரம் – தரங்கம்பாடி வண்டி 1986இல் நின்றது, திரும்பவில்லை. திருவாரூர் – காரைக்குடிப் பாதை அகலமாகி 2019 ஜூனில் வண்டி ஓடியபோது, கேட்டுகளுக்கு ஆள் போதாமல், கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி நின்றதும் பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. தஞ்சை விவசாயி வரி கொடுத்துப் போட்ட பாதைக்கு வந்த நிலை அது!

கொரோனா காலம் இன்னொரு பெரிய அடி. 2020 மார்ச்சில் எல்லாப் பாசஞ்சர் வண்டிகளும் நின்றன. திரும்ப வந்தபோது பலவும் எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. பத்து ரூபாய்ப் பயணத்துக்கு முப்பது ரூபாய். பல ஹால்ட்களில் வண்டி நிற்கவே இல்லை. 2024 பிப்ரவரியில்தான் பழைய சாதாரணக் கட்டணம் மீண்டது. நின்றுபோன நிறுத்தங்கள் எல்லாம் அதோடு மீண்டுவிடவில்லை.

திரும்பிய வெளிச்சம்

நந்தி ஹால்ட்டுக்கு நல்ல காலம் வந்தது. பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளை, தென்மேற்கு ரயில்வேயோடு பேசி, இந்தப் பாதையின் பழைய ஸ்டேஷன்களைப் பழைய முறையிலேயே செப்பனிட முன்வந்தது. நந்தி ஹால்ட் புதுப்பொலிவு பெற்றது. 2022 டிசம்பரில் பெங்களூரிலிருந்து சிக்கபள்ளாபூருக்கு மின்சார 'மெமு' வண்டிகள் விட்டார்கள். நந்தி மலைக்குப் போகிறவர்கள் காரில் நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் ரயிலில் போகலாம் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

இதே பாதையில் 2021 ஜனவரி 4 அன்று இன்னொரு ஹால்ட் பிறந்தது. பெங்களூர் விமான நிலைய ஹால்ட்! தேசத்தின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றுக்கு ரயில்வே கொடுத்தது ஒரு குட்டி நிறுத்தம். டாக்சிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கும் தூரத்துக்குத் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து ரூபாய் டிக்கெட். ஆனால் வண்டி நேரமும் விமான நேரமும் ஒத்துவராததால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இடம் இருந்து, கட்டிடம் இருந்து, விலையும் மலிவாக இருந்தாலும், தேவையான நேரத்தில் வண்டி இல்லாவிட்டால் ஹால்ட் உயிர் பெறாது என்பதற்கு இதுவே சாட்சி. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்ட 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்தில் தேவனஹள்ளிக்கும் ஒரு பாதை உண்டு. 'சுக்கு புக்கு பேக்கு' என்று பெங்களூர் மக்கள் குரல் கொடுத்ததும் இந்தப் புறநகர் ரயிலுக்காகத்தான்.

ஊரே நடத்தும் ஸ்டேஷன்

ராஜஸ்தானில் நாகௌர் மாவட்டத்தில் ஜல்சு நானக் என்று ஒரு ஹால்ட். ராணுவ வீரர்கள் நிறைந்த ஊர். 1976இல் ஆரம்பித்த நிறுத்தத்தை 2005இல் வருமானம் போதாது என்று மூட முடிவெடுத்தார்கள். ஊரார் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். மாதம் 1,500 டிக்கெட் விற்றால் நிறுத்தம் தொடரும் என்று நிபந்தனை வந்தது. ஊரே சேர்ந்து சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் திரட்டி டிக்கெட்டுகளை வாங்கியதாகவும், தங்களுள் ஒருவரையே டிக்கெட் விற்க அமர்த்தியதாகவும் பத்திரிகைகள் எழுதின. தெலங்கானாவில் வரங்கல் பக்கம் நெக்கொண்டா மக்களும், ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியின் நிறுத்தத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டித் தினம் டிக்கெட் வாங்கிய செய்தி வந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு ஸ்டேஷனின் வருமானம் பெரும்பாலும் அங்கிருந்து புறப்படும் டிக்கெட்டைக் கொண்டே எடைபோடப்படுகிறது. நகரத்தில் போக-வர டிக்கெட் எடுத்துக்கொண்டு ஹால்ட்டில் இறங்கி ஏறினால், அந்த ஹால்ட்டின் கணக்கில் நாம் வந்ததே தெரியாது. பூட்டிய ஸ்டேஷனின் ஓட்டைச் செப்பனிட ஒரு தர்மகர்த்தா கிடைக்கலாம். ஆனால் தினம் பத்துப் பேர் ஏறுகிறார்கள் என்று காட்ட, ஏறுகிறவர்கள்தான் வேண்டும்.

நம் குடும்பங்களில் தாத்தாக்கள் எத்தனையோ பேர் ஸ்டேஷன் மாஸ்டராகவும், டிக்கெட் கலெக்டராகவும், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவாகவும் காலம் கழித்தவர்கள். தந்தி சத்தமும் பச்சைக் கொடியும் நம் வீட்டுப் பேச்சில் கலந்தவை. சென்னையிலோ, மும்பையிலோ, டில்லியிலோ இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குலதெய்வத்தைப் பார்க்க ஊருக்குப் போகும்போது, அங்கே ஒரு ஹால்ட் இருந்து வண்டியும் நின்றால், ஒரு வழியாவது ரயிலில் போங்கள். ஏஜெண்ட் இருக்கும் இடத்தில் திரும்பும் டிக்கெட்டை அவரிடமே வாங்குங்கள். தாழ்வான மேடையிலிருந்து பெட்டியில் ஏறப் படி உயரமாக இருக்கும், வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட ஒருவர் கூடப் போவது நல்லது.

பெங்களூர் அன்பர்கள் பிரதோஷ தரிசனத்துக்கோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கோ, வண்டி நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொண்டு நந்தி ஹால்ட்டுக்குப் போய் வரலாம். போக நந்தீஸ்வரர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறார், அவருக்கு அவசரமில்லை. ரயில் நமக்காக ஒரே ஒரு நிமிடம்தான் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.